அழாமல் பிறக்கும் பிள்ளையும் உயிரோடுதான் இருக்கிறது



"பிரசவம் என்பது பெண்ணுக்கு மறுபிறப்பு" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அது தாய்க்கு மட்டுமல்ல, பிள்ளைக்கும் பொருந்தும். பிள்ளை மண்ணில் விழுந்த முதல் ஒரு நிமிடத்தில் என்ன செய்கிறோம், என்ன செய்யாமல் விடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அதன் வாழ்வு அமைகிறது. இந்த இதழில் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி எழுதுகிறேன்.

இதை எழுதத் தூண்டியது மன்னார் உயிலங்குளத்திலிருந்து வந்த ஒரு கடிதம். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிப் பக்கம் போய்க் குடியேறிய நம்ம ஆட்கள் அங்கேயும் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் நம் பாட்டன் பூட்டன்மார் இந்தியாவிலிருந்து வந்து இறங்கி, மலை நாட்டை நோக்கி நடையைக் கட்டியதும் அதே மன்னார்க் கரையிலிருந்துதான். அங்கேயிருந்து ஒரு தங்கச்சி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். "பிள்ளை அழாமல் பிறந்தால் அது செத்துப் பிறந்தது என்று அர்த்தமா? ஒட்சிசன் சிலிண்டர் இல்லாத இடத்தில் ஒன்றுமே செய்ய முடியாதா? பக்கத்தில் டொக்டர் இல்லாவிட்டால் நாங்கள் என்ன செய்வது?"

உயிலங்குளத்துக்கும் நம்ம தோட்டத்துக்கும் எவ்வளவோ தூரம். ஆனாலும் இந்தக் கேள்விகள் இரண்டு இடத்துக்கும் சொந்தமானவைதான். இலங்கையில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. இது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் மழையில் பாதை உடைந்தால், மண் சரிந்தால், வலியை மறைத்துக்கொண்டு கடைசி நேரம் வரை மலையில் கொழுந்து எடுத்தால், பிள்ளை லயத்திலோ லொறியிலோ பிறந்துவிடுகிறது. அதனால் இது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் மூச்சு எப்படி வருகிறது?

வயிற்றில் இருக்கும்போது பிள்ளை நம்மைப் போல மூச்சு எடுப்பதில்லை. அதற்கு வேண்டிய ஒட்சிசன் தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி, தொப்புள்கொடி வழியாகப் போகிறது. பிள்ளையின் சுவாசப்பையில் காற்று இருக்காது, ஒரு வகைத் தண்ணீர்தான் இருக்கும். பிறந்தவுடன் முதல் சில மூச்சில் அந்தத் தண்ணீரைத் தள்ளிவிட்டுக் காற்று உள்ளே போக வேண்டும். புது பலூனை ஊதிப் பார்த்திருப்பீர்கள். முதல் ஊதலுக்குத்தான் கஷ்டம், அதற்குப் பிறகு இலேசாக ஊதலாம். சுவாசப்பையும் அப்படித்தான்.

பிறக்கிற 100 பிள்ளைகளில் சுமார் 85 பிள்ளைகள் யாருடைய உதவியும் இல்லாமல் அரை நிமிடத்துக்குள் தாமாகவே மூச்சு எடுத்துவிடும். இன்னும் 10 பிள்ளைகள் நன்றாகத் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டால் மூச்சு எடுக்கும். மிச்சம் இருக்கும் 5 பேருக்குத்தான் யாராவது காற்றை உள்ளே செலுத்திக் கொடுக்க வேண்டும். நெஞ்சை அமுக்குவது, மருந்து கொடுப்பது என்பதெல்லாம் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு வேண்டியது.

அழாத பிள்ளைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதை 1950, 1960களில் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி டாவ்ஸ் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் மிருகக் குட்டிகளை வைத்து ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது இதுதான். காற்று கிடைக்காத குட்டி முதலில் வேகமாக மூச்சு எடுக்கப் பார்க்கிறது. பிறகு மூச்சு நின்றுவிடுகிறது. இது முதல் நிறுத்தம். இந்த நேரத்தில் தேய்த்துவிட்டால் மூச்சு திரும்பும். அப்படியே விட்டால் கொஞ்ச நேரம் விக்கி விக்கி இழுத்துவிட்டு மறுபடி நின்றுவிடும். இது இரண்டாவது நிறுத்தம். இதற்குப் பிறகு எவ்வளவு தேய்த்தாலும் மூச்சு தானாக வராது. காற்றை உள்ளே கொடுத்தால் மட்டுமே வரும். ஆனால் அப்போதும்கூட இதயம் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டுதான் இருக்கும்.

இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, அழவில்லை, அசையவில்லை என்பதால் பிள்ளை செத்துவிட்டது என்று சொல்லக் கூடாது. இரண்டு, வெளியிலிருந்து பார்த்து இது முதல் நிறுத்தமா இரண்டாவதா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் தேய்த்துக்கொண்டே நேரத்தை வீணாக்காமல், ஒரு நிமிடத்துக்குள் காற்றைக் கொடுக்க ஆரம்பிக்க வேண்டும். உலகம் முழுவதும் பயிற்சிகளில் இதைத்தான் "பொன்னான ஒரு நிமிடம்" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அந்தக் காலத்து முறைகள்

தலைகீழாகத் தூக்கிப் பிடித்து முதுகில் அறைவது, முகத்தில் பச்சைத் தண்ணீரை அடிப்பது, காதில் ஊதுவது, காதுக்குப் பக்கத்தில் தட்டைத் தட்டிச் சத்தம் போடுவது, இப்படிப் பல முறைகளை நம்ம கிழவிமார் செய்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. பெரிய படிப்புப் படித்த டொக்டர்மாரும் இதைவிட மோசமானதைச் செய்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ஷூல்ட்ஸ என்ற டொக்டர் 1871இல் சொல்லிக் கொடுத்த முறையில், பிள்ளையைத் தோளில் பிடித்து மேலும் கீழும் ஊஞ்சல் போல வீசினார்கள். சுடுதண்ணீரிலும் குளிர்ந்த தண்ணீரிலும் மாறி மாறி முக்கியதும் உண்டு. முதல் நிறுத்தத்தில் இருந்த பிள்ளைகள் எதைச் செய்தாலும் அழுதிருக்கும். அதைப் பார்த்து "இந்த வைத்தியம் பலித்தது" என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள். இரண்டாவது நிறுத்தத்தில் இருந்த பிள்ளைகள் போய்விட்டன. அவற்றுக்கு "ஆயுசு அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார்கள்.

1953இல் அமெரிக்காவில் வேர்ஜினியா அப்கார் என்ற பெண் டொக்டர் ஒரு முறையை எழுதி வெளியிட்டார். பிள்ளையின் இதயத் துடிப்பு, மூச்சு, உடம்பின் விறைப்பு, தொட்டால் முகம் சுளிக்கிறதா என்பது, நிறம் ஆகிய ஐந்துக்கும் 0, 1, 2 என்று புள்ளி போட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் 10. இன்றும் பிரசவ அறையில் 1 நிமிடத்திலும் 5 நிமிடத்திலும் இந்தப் புள்ளியைப் போடுகிறார்கள். பிள்ளை பிறந்தவுடன் அதை ஒருவர் கவனித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்ற பழக்கத்தைக் கொண்டுவந்தது இந்த முறைதான். ஆனால் புள்ளி போடும் வரை உதவியைத் தள்ளிப் போடக் கூடாது.

ஒட்சிசனா, சாதாரணக் காற்றா?

இனி உயிலங்குளத்துத் தங்கச்சியின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். பல வருடங்களாக, மூச்சு எடுக்காத பிள்ளைக்குச் சுத்தமான ஒட்சிசன்தான் கொடுக்க வேண்டும் என்று உலகம் முழுவதும் நம்பினார்கள். கேட்டால் நியாயம் போலத்தான் தெரியும். ஆனால் பட்டினி கிடந்தவனுக்கு ஒரேயடியாக விருந்து வைத்தால் அவன் உடம்பு தாங்குமா? காற்றில்லாமல் தவித்த உடம்புக்குள் அளவுக்கு மீறி ஒட்சிசன் போனால், அதுவே உள்ளே கெடுதல் செய்கிறது என்று நோர்வே நாட்டின் ஓலா சவுக்ஸ்டாட் என்ற டொக்டர் சொன்னார். நாம் எல்லாரும் இழுக்கும் சாதாரணக் காற்றில் ஒட்சிசன் 100க்கு 21 பங்குதான் இருக்கிறது. அது போதுமா என்பதுதான் கேள்வி.

இதைப் பிள்ளைகளிடம் முதலில் சோதித்துப் பார்த்தது இந்தியாவில், டில்லியில்தான். டொக்டர் சித்தார்த் ராம்ஜியும் அவரோடு இருந்தவர்களும் சவுக்ஸ்டாட்டுடன் சேர்ந்து 84 பிள்ளைகளைக் கவனித்து 1993இல் அதை வெளியிட்டார்கள். சாதாரணக் காற்றுக் கொடுத்த பிள்ளைகள் ஒட்சிசன் கொடுத்த பிள்ளைகளுக்குக் குறைவில்லாமல் தேறினார்கள்.

பிறகு இந்தியா, எகிப்து, பிலிப்பைன்ஸ், எஸ்தோனியா, ஸ்பெயின், நோர்வே ஆகிய 6 நாடுகளில் 11 இடங்களில் பெரிய ஆராய்ச்சி ஒன்று நடந்து 1998இல் வெளியானது. இரட்டைத் திகதியில் பிறந்த பிள்ளைக்குச் சாதாரணக் காற்று, ஒற்றைத் திகதியில் பிறந்த பிள்ளைக்கு ஒட்சிசன். மொத்தம் 609 பிள்ளைகள். ஒரு வாரத்துக்குள் இறந்தவர்கள் காற்றுக் கொடுத்த பக்கம் 100க்கு 12 பேர், ஒட்சிசன் கொடுத்த பக்கம் 100க்கு 15 பேர். இந்த வித்தியாசத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனால் காற்றுக் கொடுத்த பிள்ளைகள் சீக்கிரமாகவே முதல் மூச்சை எடுத்தார்கள், சீக்கிரமாகவே அழுதார்கள். பிறகு பல ஆராய்ச்சிகளையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோது விஷயம் தெளிவானது. ஒட்சிசனுக்குப் பதில் சாதாரணக் காற்றைக் கொடுத்தால் சுமார் 20 பிள்ளைகளுக்கு ஒரு பிள்ளை என்ற கணக்கில் கூடுதலாகப் பிழைக்கிறது. 2010இல் உலக அளவிலான வழிகாட்டல் மாறியது. மாதம் நிறைந்து பிறந்த பிள்ளைக்கு மூச்சு எடுக்க உதவும்போது சாதாரணக் காற்றிலேயே ஆரம்பிக்க வேண்டும் என்பதே இன்றைய முறை.

ஆகவே ஒட்சிசன் சிலிண்டர் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையைக் கைவிட வேண்டியதில்லை. காற்றைச் செலுத்தும் கைப்பையும், முகத்தில் வைக்கும் சின்ன மூடியும், அதைப் பிடிக்கத் தெரிந்த ஒரு கையும் இருந்தால் போதும். அந்தக் கைப்பையை 1950களில் டென்மார்க் நாட்டு டொக்டர் ஹென்னிங் ரூபன் கண்டுபிடித்தார். அமுக்கிவிட்டால் அது தானாகவே மறுபடி காற்றை நிரப்பிக்கொள்ளும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஒட்சிசன் கொடுத்தால் "வேண்டாம்" என்று சண்டைக்குப் போகாதீர்கள். மாதம் குறைந்த பிள்ளைக்கும், சுவாசப்பை நோய் உள்ள பிள்ளைக்கும் எவ்வளவு வேண்டும் என்று அளந்து பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

கிராமத்துப் பெண்கள் செய்து காட்டியது

மூன்றாவது கேள்வி, டொக்டர் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பது. மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி என்று காடும் வறுமையும் நிறைந்த ஒரு மாவட்டம் இருக்கிறது. அங்கே டொக்டர் அபய் பங், டொக்டர் ராணி பங் என்ற தம்பதியினர் 39 கிராமங்களில் கொஞ்சம் படித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வீட்டிலேயே நடந்த பிரசவங்களில் பிள்ளையைத் துடைப்பது, சூடாக வைப்பது, மூச்சு வராவிட்டால் காற்றுக் கொடுப்பது, காய்ச்சலையும் சுகவீனத்தையும் கண்டுபிடிப்பது ஆகியவற்றை அந்தப் பெண்கள் செய்தார்கள். பிறந்து ஒரு மாதத்துக்குள் இறந்த பிள்ளைகளின் தொகை 1,000க்கு 62 ஆக இருந்தது, சில வருடங்களில் 25 அளவுக்கு இறங்கியது. இந்த விவரம் 1999இல் வெளியாகி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. பிறக்கும்போது மூச்சுத் திணறி இறப்பது மட்டும் 100க்கு 65 வீதம் குறைந்ததாகப் பின்னால் எழுதினார்கள்.

இன்னொரு ஆராய்ச்சி 2010இல் வந்தது. இந்தியா, பாகிஸ்தான், சாம்பியா உட்பட 6 நாடுகளின் கிராமங்களில் பிரசவம் பார்ப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதற்குப் பிறகு "செத்துப் பிறந்தது" என்று எழுதப்பட்ட பிள்ளைகளின் தொகை 1,000க்கு 23இலிருந்து 16க்குக் குறைந்தது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வயிற்றிலேயே இறந்த பிள்ளையைப் பயிற்சியால் எழுப்ப முடியாது. அப்படியானால் முன்பு செத்துப் பிறந்தவை என்று துணியில் சுற்றி ஒதுக்கி வைத்த பிள்ளைகளில் சில உயிரோடு இருந்திருக்கின்றன என்றுதானே அர்த்தம்? உயிலங்குளத்துத் தங்கச்சியின் முதல் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் நடந்த ஆராய்ச்சி

மூச்சுத் திணறிப் பிறந்த சில பிள்ளைகளுக்கு மூளை பாதிக்கப்படுகிறது. பணக்கார நாடுகளில் அப்படிப்பட்ட பிள்ளையின் உடம்பை 72 மணி நேரம் 33.5 பாகை வரை குளிராக்கி வைக்கும் சிகிச்சை இருக்கிறது. அது அங்கே நன்மை செய்கிறது. நம் பக்கத்து நாடுகளிலும் நன்மை செய்யுமா என்று இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் ஆகிய 3 நாடுகளின் 7 பெரிய ஆஸ்பத்திரிகளில் 2015 முதல் 2019 வரை 408 பிள்ளைகளிடம் பார்த்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்களும், நமது களனிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் இதில் இருந்தார்கள். முடிவு 2021இல் வந்தது. குளிராக்கிய 202 பிள்ளைகளில் 84 பேர் இறந்தார்கள். குளிராக்காமல் வழக்கமான சிகிச்சை கொடுத்த 206 பிள்ளைகளில் 63 பேர் இறந்தார்கள். நன்மை செய்யும் என்று எதிர்பார்த்தது இங்கே கெடுதலாக முடிந்தது.

வெளிநாட்டில் நல்லது என்றால் இங்கேயும் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது, நம் பிள்ளைகளிடமும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது இதில் ஒரு பாடம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாதிப்பு பிரசவ நேரத்துக்கு முன்பே வயிற்றில் ஆரம்பித்திருக்கலாம் என்று அந்த ஆராய்ச்சியாளர்கள் எண்ணுகிறார்கள். ஆகவே பிள்ளை பிறந்த பிறகு ஓடுவதைவிட, பிறக்கும் முன் கிளினிக்குக்குப் போவதுதான் பெரிய வைத்தியம்.

நாம் செய்ய வேண்டியவை

பிரசவத்துக்கு முன்:

1. கிளினிக்கைத் தவற விடாதீர்கள். "ஒரு நாள் பேர் போயிடுமே" என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பேரை அடுத்த நாள் போடலாம்.

2. பிள்ளை துடிப்பது குறைந்தால், இரத்தம் பட்டால், தண்ணீர் உடைந்தால், அந்தத் தண்ணீர் பச்சையாகவோ மண்ணிறமாகவோ இருந்தால், கடும் தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், வலிப்பு, காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

3. எட்டாம் மாதத்திலேயே வாகனத்துக்கு வழி பார்த்து வையுங்கள். தோட்டத்து லொறி, பக்கத்து ஆட்டோக்காரர் நம்பர் எல்லாம் கையில் இருக்கட்டும். சுவசெரிய அம்புலன்ஸ் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவசமாக வரும். இதைக் கணவன்மாரும் மாமியார்மாரும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

4. ஒரு பையில் துவைத்துக் காய்ந்த துணிகள் நான்கைந்து, பிள்ளைக்கு ஒரு தொப்பி, தாய்க்கு ஒரு கம்பளி, கிளினிக் அட்டை ஆகியவற்றைத் தயாராக வையுங்கள்.

வழியிலோ லயத்திலோ பிள்ளை பிறந்துவிட்டால்:

1. ஒருவர் உடனே 1990க்கு அழைக்கட்டும். மற்றவர் பிள்ளையைக் கவனிக்கட்டும்.

2. காய்ந்த துணியால் தலை, முதுகு, கை கால் எல்லாவற்றையும் அழுத்தித் துடையுங்கள். ஈரத் துணியை எறிந்துவிட்டு வேறு காய்ந்த துணி போடுங்கள். இந்தத் துடைப்பே பாதி வைத்தியம். மலைநாட்டுக் குளிரில் ஈரத்தோடு கிடந்தாலே பிள்ளை துவண்டுவிடும்.

3. பிள்ளை அழுதால் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகப் படுக்க வைத்து, தலைக்குத் தொப்பி போட்டு, இருவரையும் சேர்த்து மூடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள். ஒரு நாள் கழியும் வரை குளிக்க வார்க்க வேண்டாம்.

4. அழாவிட்டால், வாயில் மூக்கில் கண்ணுக்குத் தெரியும் சளியைத் துணியால் துடைத்துவிட்டு, முதுகை மேலும் கீழுமாக இரண்டு மூன்று தடவை தேய்த்துவிடுங்கள். விரலைத் தொண்டைக்குள் விடாதீர்கள்.

5. அப்போதும் மூச்சு வராவிட்டால், பயிற்சி பெற்ற மருத்துவமாதுவோ தாதியோ இருந்தால் கைப்பையால் காற்றுக் கொடுப்பார்கள். யாரும் இல்லாவிட்டால், பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, தலை முன்னுக்குக் கவிழாமலும் பின்னுக்கு அதிகம் சாயாமலும் நேராக வைத்து, உங்கள் வாயால் பிள்ளையின் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி, கன்னத்தில் இருக்கும் காற்றை மட்டும் மெதுவாக ஊதுங்கள். நெஞ்சு இலேசாக எழும்பினால் போதும். பலமாக ஊதினால் சுவாசப்பைக்குக் கெடுதல். நிமிடத்துக்கு 40 தடவை அளவில், மூச்சு வரும் வரை அல்லது உதவி வரும் வரை விடாதீர்கள்.

6. தலைகீழாகத் தூக்காதீர்கள், அறையாதீர்கள், குலுக்காதீர்கள், தண்ணீர் அடிக்காதீர்கள்.

7. தொப்புள்கொடியை அவசரப்பட்டு அறுக்க வேண்டாம், பிடித்து இழுக்கவும் வேண்டாம். அப்படியே இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

8. மூச்சு திரும்பிய பிள்ளையையும் கட்டாயம் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். "இப்ப நல்லா இருக்கு" என்று வீட்டில் வைத்துவிடாதீர்கள். தாய்க்கு இரத்தப் போக்கு கூடினால் அதுவும் உயிருக்கு ஆபத்து.

கடைசியாக ஒரு வார்த்தை. இவ்வளவும் செய்தும் சில பிள்ளைகள் தங்காமல் போவது உண்டு. அப்போது "ராசி இல்லாதவள்" என்றும், "நீ அதைத் தின்னாய், அங்கே போனாய்" என்றும் பெற்றவளைக் குத்திப் பேசும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. தயவு செய்து அதை விட்டுவிடுங்கள். மூச்சுத் திணறல் ஒரு நோய். அது யாருடைய ராசியாலும் வருவதில்லை. பிள்ளையை இழந்தவளுக்கு வேண்டியது ஆறுதலும், நல்ல சாப்பாடும், அடுத்த தடவைக்கு நல்ல கவனிப்பும்தான்.

ஒவ்வொரு தோட்டத்திலும் பிள்ளை மடுவத்தில் நடக்கும் தாய்மார் கூட்டத்தில், மருத்துவமாதுவிடம் ஒரு பொம்மையை வைத்து இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரு தடவை கையால் செய்து பார்த்தால் பத்துத் தடவை படித்ததற்குச் சமம். ஆண்களும் வந்து பாருங்கள். லொறியில் பக்கத்தில் இருக்கப் போவது நீங்கள்தான்.

உங்கள்
தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்